புல்தான் எரிகிறது, வீடு ஏன் எரியணும்?

போன வருஷம் மார்ச் கடைசியில் பட்டாபிராம் பக்கம் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் தெருவுக்குப் பின்னாடி அஞ்சாறு மனை காலியாகக் கிடக்கிறது. மழைக்காலத்தில் இடுப்பளவு வளர்ந்த புல், நடுநடுவே சீமைக்கருவேலம். மார்ச் வந்தால் எல்லாம் வைக்கோல். மத்தியானம் மூணு மணிக்கு அது பற்றிக்கொண்டது. குப்பையைக் கொளுத்தினார்களா, பீடித் துண்டா, யாருக்கும் தெரியவில்லை. 101-க்கு போன் போட்டோம், வண்டி வந்தது.

இறங்கின உடனே ஹோஸை இழுத்து நெருப்பில் தண்ணீர் அடிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். முதலில் இறங்கியவர் நெருப்பை ஒரு தடவைதான் பார்த்தார். அப்புறம் அதற்கு முதுகைக் காட்டி நின்று, காற்று போகிற பக்கம் இருந்த வீடுகளின் மொட்டை மாடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூணாவது வீட்டு மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டிருந்தார்கள். "அந்த மாடிக்கு வழி எதுங்க? முதல்ல அந்தக் கீத்தைப் பிரிச்சுக் கீழ போடணும்" என்றார். நெருப்பு அந்த வீட்டிலிருந்து அறுபது எழுபது அடி தள்ளி இருந்தது.

அவர் ஏன் நெருப்பை விட்டுவிட்டு மாடியைப் பார்த்தார் என்பது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. அதைப் புரிந்துகொள்ள வாசித்ததுதான் இந்தக் குறிப்பு. காட்டுத்தீயோ புல்தீயோ வீடுகளை நெருங்கும்போது கட்டடங்களை எப்படிக் காப்பது என்பதை உலகத்தில் பல இடங்களில் தனிப் பாடமாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தப் பாடத்தில் என்ன இருக்கிறது, ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிக்கு அதில் எது பொருந்தும் என்று பார்க்கலாம்.

இரண்டு நெருப்பு, இரண்டு தொழில்

கட்டடத் தீயும் காட்டுத்தீயும் பார்க்க ஒன்றுதான். அணைக்கிற வேலை வேறு வேறு.

கட்டடம் எரிந்தால் நெருப்பு ஒரே இடத்தில் நிற்கிறது. உள்ளே ஆள் இருக்கிறார்களா, புகை எங்கே போகிறது, கேஸ் சிலிண்டர் எங்கே, மின்சாரம் நிறுத்தியாச்சா, தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதெல்லாம் கேள்விகள். தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை தாம்பரத்தில் வைத்திருக்கிற மாநிலப் பயிற்சி மையமும், 1956-ல் தொடங்கி மறுவருஷமே நாக்பூருக்கு மாறிய தேசிய தீயணைப்புக் கல்லூரியும் நம் ஊர் தீயணைப்போருக்குப் பெயர் தெரிந்த இடங்கள். இந்தத் தொழிலின் முதுகெலும்பு கட்டடமும் தொழிற்சாலையும் மீட்பும்தான். நகரத்தில் நடக்கிற விபத்துகள் அப்படி.

காட்டில் நெருப்பு நடக்கிறது. அதை நிறுத்தத் தண்ணீரைவிட முக்கியம், அது தின்னப்போகிறதை அதுக்கு முன்னாடியே எடுத்துவிடுவது. வெயில் காலத்துக்கு முன்பே தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, சருகைக் கூட்டி ஒதுக்குவது, பச்சைக் கிளையால் அடித்து அணைப்பது, தேவைப்பட்டால் எதிர்த்தீ வைப்பது. இதெல்லாம் வனத்துறையின் வேலை. டேராடூனில் இருக்கிற இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோளில் தெரிகிற தீப்புள்ளிகளை வனத்துறைக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் மாட்டிக்கொண்டு 20-க்கும் மேற்பட்டோர் இறந்தது நமக்கு நினைவிருக்கும். காய்ந்த உயரமான புல், சரிவு, காற்று மூன்றும் சேர்ந்தால் நெருப்பு மனிதரைவிட வேகமாக ஓடும் என்பதைத் தமிழ்நாடு அன்றைக்கு நேரில் பார்த்தது. 2024 மார்ச்சில் குன்னூர் ஃபாரஸ்ட்டேல் பகுதித் தீக்கு விமானப்படை ஹெலிகாப்டரில் பெரிய வாளி கட்டித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற வேண்டியிருந்தது.

சிக்கல் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. காப்புக்காடு என்றால் வனத்துறை. கட்டடம் என்றால் தீயணைப்புத் துறை. பட்டாபிராமில் ஆறு காலி மனை எரிந்தால்? அது காடு இல்லை, கட்டடமும் இல்லை. ஆனால் இரண்டு பயிற்சியும் ஒரே சமயத்தில் தேவைப்படுகிற இடம் அதுதான்.

வீடு எப்படிப் பற்றுகிறது

காட்டுத்தீ என்றதும் நம் மனசில் வருவது பத்தடி உயர நெருப்புச் சுவர் வந்து வீட்டை விழுங்குகிற காட்சி. பெரும்பாலான வீடுகள் அப்படி எரிவதில்லை என்பதுதான் கடந்த முப்பது வருஷ ஆராய்ச்சியின் சாரம்.

அமெரிக்க வனத்துறையில் ஜாக் கோஹன் என்ற ஆய்வாளர் இருந்தார். 1990-களின் கடைசியில் கனடாவின் வடக்குக் காடுகளில் வேண்டுமென்றே பெரிய தீயை மூட்டி, அதற்கு முன்னால் பல தூரங்களில் மரச்சுவர்களை நிறுத்திப் பார்த்தார்கள். 10 மீட்டர் தூரத்தில் நின்ற சுவர் சில தடவை பற்றிக்கொண்டது. 30 மீட்டரில் நின்றது பற்றவில்லை. மரமெல்லாம் உச்சி வரை எரிகிற பெருந்தீக்கே கணக்கு இதுதான். வெப்பம் மட்டும் என்றால் நூறு அடி இடைவெளி போதும்.

அப்படியானால் கிலோமீட்டர் தள்ளி இருந்த வீடுகள் ஏன் எரிந்தன? கங்குகளால். காற்றில் பறந்து வருகிற தணல் துண்டுகள் கூரை இடுக்கில், சருகு சேர்ந்த மழைநீர்க் குழாயில், வாசல் கால்மிதியில், சுவரை ஒட்டி அடுக்கின விறகில் போய் உட்காருகின்றன. அரைமணி நேரம் புகைந்துவிட்டுப் பற்றுகின்றன. அதற்குள் நெருப்பின் முன்வரிசை தாண்டிப் போயிருக்கும். 2018 நவம்பர் 8-ல் கலிஃபோர்னியாவின் பாரடைஸ் ஊர் எரிந்தபோது 85 பேர் இறந்தார்கள், 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள். வீடு இருந்த இடத்தில் சாம்பல், பக்கத்தில் மரம் பச்சையாக நிற்கும். காட்டு நெருப்பு வீட்டைத் தொடவே இல்லை. கங்கு ஒரு வீட்டைப் பற்றவைத்தது, அந்த வீடு அடுத்த வீட்டைப் பற்றவைத்தது.

அங்கே காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து நடத்துகிற ஓர் ஆராய்ச்சி மையம் தெற்கு கரோலினாவில் இருக்கிறது. 105 ராட்சத மின்விசிறிகளை வைத்து முழு வீட்டின் மேல் கங்கு மழையை வீசிப் பார்க்கிறார்கள். வீட்டைச் சுற்றி முதல் ஐந்து அடி சுத்தமாக இருந்தால் வீட்டுக்குப் பிழைக்கிற வாய்ப்பு பல மடங்கு கூடும் என்பது இந்தச் சோதனைகளிலிருந்து திரும்பத் திரும்ப வருகிற பாடம்.

இதையெல்லாம் வாசிக்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. கங்கு பறந்து கூரை பற்றுவது தமிழ்நாட்டுக்குப் புதுசா என்ன? கீற்றுக் குடிசைகள் வரிசையாக இருந்த காலத்தில் ஒரு அடுப்புப் பொறி ஒரு தெருவையே எடுத்துக்கொண்டு போகும். காற்று போகிற பக்கத்துக் குடிசைகளின் கீற்றைக் கொக்கி போட்டு இழுத்துப் பிரித்து இடைவெளி உண்டாக்குவதுதான் அன்றைக்கு முதல் வேலை. எரிகிற குடிசையை விட்டுவிடுவார்கள், எரியப்போகிற குடிசையைப் பார்ப்பார்கள். 1970-ல் குடிசை மாற்று வாரியம் வந்து மாடிக் குடியிருப்புகள் கட்டத் தொடங்கியதற்குப் பின்னால் இருந்த காரணங்களில் இந்தத் தீயும் ஒன்று. கீற்று எவ்வளவு வேகமாக எரியும் என்பதை 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகளை இழந்து கற்றுக்கொண்டோம். அன்று பட்டாபிராமில் மாடியைப் பார்த்தவர், அமெரிக்கப் பாடப்புத்தகம் எதையும் வாசித்திருக்க வேண்டிய அவசியமில்லை.

எந்த வீட்டை விடுவது?

இந்தப் பயிற்சியின் மிகக் கஷ்டமான பகுதி தண்ணீர் அடிப்பது இல்லை. தெருவில் இருபது வீடு, கையில் ஒரு வண்டி, நாலைந்து பேர், பத்து நிமிஷம். எந்த வீட்டுக்குப் போவது? எதை விடுவது?

அமெரிக்காவில் காட்டுத்தீ வீரர்கள் பாக்கெட்டில் வைத்திருக்கிற கையேடு வீடுகளை நாலு வகையாகப் பிரிக்கச் சொல்கிறது. நம்ம பாஷையில் சொன்னால்:

ஒன்று, தானே நிற்கிற வீடு. சுற்றிலும் சுத்தமாக இருக்கிறது, கூரை நல்ல கூரை. அங்கே ஆள் தேவையில்லை, தாண்டிப் போகலாம்.

இரண்டு, கூடவே நிற்க வேண்டிய வீடு. கொஞ்சம் வேலை செய்து, ஹோஸோடு காவல் நின்றால் பிழைக்கும். பக்கத்தில் வீரர்களுக்குப் பாதுகாப்பான இடமும் இருக்கிறது.

மூன்று, தயார் செய்துவிட்டுக் கிளம்ப வேண்டிய வீடு. நின்றால் வீரர்களுக்கே ஒதுங்க இடமில்லை. ஆனால் கொஞ்சம் நேரம் இருக்கிறது. சாமான்களை ஒதுக்கி, ஜன்னலை மூடிவிட்டுப் போய்விட வேண்டும். நெருப்பு தாண்டின பிறகு திரும்பி வரலாம்.

நாலு, நேரமும் இல்லை, இடமும் இல்லை. உள்ளே ஆள் இருந்தால் வெளியே எடுத்துக்கொண்டு போ. வீட்டை மறந்துவிடு.

கவனித்துப் பாருங்கள். வீடு எவ்வளவு விலை, யாருடையது, எவ்வளவு சத்தமாக அழுகிறார்கள் என்று எந்தக் கேள்வியும் இதில் இல்லை. "நம்ம ஆள் நின்றால் உயிரோடு இருப்பாரா" என்பதுதான் பிரிக்கிற கோடு. சொல்வது சுலபம். வீட்டுக்காரர் வண்டிக்கு முன்னால் நின்று கும்பிடும்போது அவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். அதற்காகத்தான் இதை முன்கூட்டியே பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்யவைக்கிறார்கள். நெருப்பு முன்னால் நின்று முதல் தடவையாக யோசிக்கிற முடிவு இல்லை இது.

முடிவெடுத்த பிறகு செய்கிற வேலைகள் கேட்க ரொம்ப சாதாரணமாக இருக்கும். வண்டியை வெளியே போகிற திசையில் திருப்பி நிறுத்துவது. ஹோஸைச் சுருக்கமாக விரிப்பது, ஏனென்றால் சட்டென்று சுற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் நாற்காலி, கால்மிதி, அட்டைப் பெட்டி, காய்கிற துணி எல்லாவற்றையும் சுவரிலிருந்து தூர எறிவது. ஜன்னலை மூடுவது. சிலிண்டரை மூடுவது. வண்டித் தொட்டியில் ஏறக்குறைய 400 லிட்டரைத் தொடாமல் வைத்திருப்பது, அது வீரர்களின் உயிருக்கான தண்ணீர். முன்வரிசை போன பிறகு தெருத்தெருவாகத் திரும்பி வந்து புகைகிற கங்குகளை ஒரு குவளைத் தண்ணீரில் அணைப்பது. பல வீடுகள் பிழைப்பது இந்தக் கடைசி வேலையால்தான்.

தண்ணீரை நம்பி மட்டும் திட்டம் போடக்கூடாது என்பதற்கு 2025 ஜனவரி ஒரு பெரிய உதாரணம். லாஸ் ஏஞ்சலஸின் பாலிசேட்ஸ் பகுதியில் மேட்டில் இருந்த மூன்று தொட்டிகள், ஒவ்வொன்றும் சுமார் 38 லட்சம் லிட்டர், மறுநாள் விடியறதுக்குள் காலி. தெருக் குழாய்களில் தண்ணீர் நின்றுபோனது. ஒரு வீடு எரிந்தால் அணைக்கிறதுக்காகக் கட்டின குழாய் அமைப்பு, ஊரே எரிந்தால் தாங்காது.

காற்று திரும்பும் நேரம்

வீரர்களின் உயிரைக் காக்க அவர்கள் நாலே வார்த்தை மனப்பாடம் செய்கிறார்கள்: கண்காணிப்பவர், தொடர்பு, தப்பும் வழி, பாதுகாப்பான இடம். பால் கிளீசன் என்ற வீரர் 1991-ல் இதைச் சூத்திரமாக எழுதினார். அதற்கு முந்தின வருஷம் அரிசோனா தீ ஒன்றில் ஆறு பேர் இறந்த இடத்தில் அவர் இருந்தார்.

சூத்திரம் தெரிந்தவர்களும் சாகிறார்கள். 2013 ஜூன் 30, அதே அரிசோனாவில் யார்னெல் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில், நன்றாகப் பயிற்சி பெற்ற 19 வீரர்கள் ஒரே இடத்தில் இறந்தார்கள். அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் ஏற்கெனவே எரிந்து கருப்பான தரையில் பத்திரமாக இருந்தவர்கள் அவர்கள். எரிந்த இடம் மறுபடி எரியாது. அங்கிருந்து இறங்கி ஊர்ப்பக்கம் நடந்தார்கள், இடிமழைக் காற்று நெருப்பை அவர்கள் மேல் திருப்பிவிட்டது.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 2009 பிப்ரவரி 7 அன்று 173 பேர் இறந்த தீயிலும் சாயங்காலம் காற்று திரும்பியது. அதுவரை நீளமான ஓரமாக இருந்த பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் நெருப்பின் முகமாக மாறியது.

இது நமக்கு எதற்கு என்கிறீர்களா? சென்னையில் வெயில் காலத்தில் பல நாட்கள் இதே மாதிரி காற்று திரும்புகிறது. நாம் அதைக் கடற்காற்று என்று ஆசையோடு காத்திருக்கிறோம். மே மாதம் காலையில் மேற்கிலிருந்து அனல் அடிக்கும். மத்தியானத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடற்காற்று உள்ளே வரும். மெரினாவில் சீக்கிரம் வந்துவிடும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்கு வந்து சேரத் தாமதமாகும், சில நாள் வரவே வராது. அதாவது, நம் பக்கத்தில் புல் நன்றாகக் காய்ந்து சூடேறி எரிகிற அந்த மூணு, நாலு மணிக்குத்தான் காற்று திரும்பவும் வாய்ப்பிருக்கிறது. கிழக்குப் பக்கத்து வீடுகளைக் காப்பாற்ற நின்றுகொண்டிருக்கும்போது மேற்குப் பக்கம் ஆபத்தாகலாம். வெளியூர்ப் பாடத்தில் இருக்கிற "கண்காணிப்பவர்" நம் தெருவில் செய்ய வேண்டிய வேலை இதுதான்: ஒருத்தர் நெருப்பைத் தொடாமல், மாடியில் நின்று காற்றையே பார்த்துக்கொண்டிருப்பது.

நம்ம பக்கத்துக்கு எது பொருந்தும்

நமக்குச் சாதகமானது நிறைய இருக்கிறது. அவர்கள் மரத்தில் வீடு கட்டுகிறார்கள், நாம் செங்கல்லும் கான்கிரீட்டும். கங்கு தளத்தில் விழுந்தால் அணைந்து போகும். அவர்கள் வகைப்பாட்டில் நம்ம வீடுகள் பலதும் "தானே நிற்கிற வீடு".

ஆனால் அந்த வீட்டைச் சுற்றி நாம் என்ன வைத்திருக்கிறோம்? மாடியில் கீற்று அல்லது பச்சை வலை. பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, பிவிசி குழாய். காம்பவுண்டை ஒட்டிக் கார், பைக். காலி மனையை ஒட்டியே காயலான் கடை, டயர்க் குவியல், பிளைவுட் குடோன், தார்ப்பாய் போட்ட கொட்டகை. 1960-களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றியும், வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை ஓரமாகவும் குடியிருப்பு, குடோன், புதர் மூணும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன. புல் இங்கே திரி மாதிரி. பெரிய இழப்பு திரியின் அந்தப் பக்க முனையில் இருக்கிறது. புல் நாலு நிமிஷத்தில் எரிந்து முடியும், டயர் குவியல் விடிய விடிய எரியும்.

தண்ணீர்க் கணக்கையும் பார்க்கலாம். நம் ஊரில் ஒரு வழக்கமான வண்டியில் சுமார் 4,500 லிட்டர். நிமிஷத்துக்கு 450 லிட்டர் போகிற மாதிரி ஒரு ஹோஸைத் திறந்தால் பத்து நிமிஷம். ஆறு மனைப் புல்லை முழுக்க நனைத்து அணைக்க நினைத்தால் கீற்றுக்கு மிஞ்சாது. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி என்று ஏரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மே மாதம் தண்ணீர் கரையிலிருந்து உள்வாங்கிவிடும், ஆகாயத்தாமரை உறிஞ்சுகிற குழாயின் வலையை அடைக்கும். வண்டி எந்த இடம் வரை இறங்க முடியும் என்பது ஜனவரியிலேயே போய்ப் பார்த்து வைக்க வேண்டிய விஷயம்.

எனக்குத் தெரிந்தவரை, இதற்குப் புதுக் கட்டடமோ புது வண்டியோ முதல் தேவை இல்லை. ஒவ்வொரு ஏப்ரல் 14-ம் தீயணைப்பு வாரம் தொடங்குகிறது. 1944-ல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள் இறந்ததன் நினைவாக. அந்த வாரத்தில் பள்ளிகளிலும் அடுக்குமாடிகளிலும் ஒத்திகை நடக்கிறது. காலி மனையை ஒட்டிய ஒரு தெருவிலும் ஓர் ஒத்திகை நடத்தலாம். நெருப்பே வேண்டாம். வண்டி வரட்டும், நிலைய அலுவலர் காற்றைப் பார்க்கட்டும், இருபது வீட்டையும் நாலு வகையாகப் பிரிக்கட்டும், வெளியே போகிற வழியைச் சொல்லட்டும். வீட்டுக்காரர்கள் பக்கத்தில் நின்று கேட்கட்டும். தன் வீடு எந்த வகையில் விழுகிறது, எந்தப் பொருளால் விழுகிறது என்று காதால் கேட்டவர் அந்தப் பொருளைச் சாயங்காலமே எடுத்துவிடுவார் என்று நினைக்கிறேன்.

அது நடக்கிறவரை நாம் செய்யக்கூடியது. பொங்கல் முடிந்ததும் காம்பவுண்டுக்கு வெளியே ஐந்து அடிக்குப் புல்லை வெட்டிவிடுங்கள், மனை யாருடையதாக இருந்தாலும். வெட்டினதைக் கொளுத்தாதீர்கள், பல தீ ஆரம்பிப்பதே அப்படித்தான். மாடிக் கீற்றுக்குப் பதில் வேறு ஏதாவது யோசியுங்கள். 101-க்கு அடிக்கும்போது "புல் எரியுது" என்று மட்டும் சொல்லாமல் நாலு விஷயம் சொல்லுங்கள்: காற்று எந்தப் பக்கம் போகிறது, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது, தெருவில் வண்டி நுழையுமா, பக்கத்தில் தண்ணீர் எங்கே.

பட்டாபிராமில் அன்றைக்கு நாங்கள் ஏழெட்டுப் பேர் ஏறிக் கீற்றைப் பிரித்துத் தெருப் பக்கம் கீழே தள்ளினோம். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். புல் முழுக்க எரிந்து தானே அடங்கியது, ஓரத்தில் மட்டும் தண்ணீர் அடித்தார்கள். கிளம்புவதற்கு முன் அவர் மறுபடியும் மாடிக்கு வந்து சுற்றிப் பார்த்தார். தொட்டிக்கு அடியில் சருகில் ஒரு கங்கு புகைந்துகொண்டிருந்தது. செருப்புக் காலால் மிதித்து அணைத்துவிட்டு, "இதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.